எரியாத அடுப்படித் தெய்வம்

செயின்ட்-மிஷேலில் நான் வேலை செய்யும் அச்சகத்துக்குக் கல்யாண அழைப்பிதழும் கடைப் பதாகையும்தான் பிழைப்பு. என்னோடு கணினியில் வடிவமைப்பவள் ஒரு சீனப் பெண். இருவருக்கும் பொதுமொழி அரைகுறைப் பிரெஞ்சு. ஒருநாள் அவள் துவாயில் சுற்றி ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்தாள். ஊரில் செத்துப்போன அவள் தகப்பன் செதுக்கிய அச்சுக்கட்டை. அதில் இருந்தது அடுப்படித் தெய்வம்.

அந்தத் தெய்வத்தின் படத்தை ஆண்டு முழுவதும் அடுப்புக்கு மேல் ஒட்டிவைப்பார்களாம். புத்தாண்டுக்குச் சில நாள் முன்பு வாயில் தேன் தடவி எரித்துவிடுவார்கள். அது புகையோடு மேலே போய் வீட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுமாம். ஆண்டுதோறும் எரித்ததில் தகப்பன் அச்சடித்த தாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பலகையிலோ முகம் உளுத்துப் போயிருந்தது.

"இந்த வருடம் அப்பாவின் தெய்வத்தை அனுப்ப வேண்டும்" என்றாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

பலகையை ஸ்கேன் செய்தோம். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போனது. உடையும் தாடியும் அச்சொட்டாக வந்தன. முகத்தை மட்டும் மென்பொருள் தன்பாட்டில் கற்பனை செய்தது. ஒருமுறை சினிமா நடிகன், மறுமுறை பொம்மை. அப்பா செதுக்கும் வாய் கொஞ்சம் கோணலாக இருக்கும் என்றாள். கோணலாக்கச் சொன்னால் பக்கவாதம் வந்தவரைக் காட்டியது. அந்தக் கணினியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. கடைசியில் பரவாயில்லாத ஒரு வாயை அவளே தெரிந்தெடுத்தாள். "இது யாருடையதோ" என்று முணுமுணுத்தாள்.

முதலாளி அண்ணைக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. கடையில் இருந்ததிலேயே உயர்ந்த தாளில் தானே அடித்துக் கொடுத்தார்.

"கிழியாது, நனையாது, எத்தினை வருசம் போனாலும் மங்காது. சாமிப்படத்தைச் சும்மா கடதாசியிலை அடிக்கிறதே? அவவுக்குச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். அவள் "மெர்சி" என்று நன்றி சொன்னாள். நிலைப்பதற்கென்றே அச்சடித்துப் பழகிய எங்கள் மூவரில் ஒருவர் மூளையிலும் அது உறைக்கவில்லை.

வழியனுப்பும் நாளன்று வேலை முடிந்து வில்லரேயில் உள்ள அவள் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனாள். பால்கனியில் பனியைத் தள்ளிவிட்டு, ஒரு சட்டியில் படத்தை வைத்து, வாயில் தேனைத் தடவினாள். பிறகு தீ வைத்தாள். படம் எரியவில்லை. சுருண்டது, உருகியது, கறுப்பாய்ச் சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கொஞ்சம் எழும்பிய புகையையும் காற்று எங்கள் முகத்திலேயே அடித்தது.

அவள் அழவில்லை. கத்தியால் சட்டியைச் சுரண்டினாள். எல்லாம் கருகியும் ஒரு துண்டு மட்டும் உருகாமல் பிழைத்திருந்தது. தேன் பளபளக்கும் அந்த வாய்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நாளைக்கே சாதாரணக் கடதாசியில் அடித்துத் தருகிறேன்" என்றேன்.

அவள் அந்தத் துண்டைக் கத்தி நுனியில் ஏந்தி என் முன்னால் நீட்டினாள்.

"இதே வாயுடனா?"