புள்ளி எழுத்தில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை

என் மனைவியின் அண்ணனுக்கும் எனக்கும் ஆகாது. இலுப்பூரில் நான் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர் பக்கத்து ஊர். நான்கு வருடங்களுக்கு முன் அவர் புது வீட்டுக்குக் குடிபோனபோது வரவேற்பு ஃபிளெக்ஸ் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதில் அவருடைய கல்லூரிக் காலத்துப் படத்தை, தலை நிறைய முடியோடு, ஆளுயரத்துக்குப் போட்டேன். விருந்துக்கு வந்தவர்கள், "யாருங்க இது, உங்க தம்பியா?" என்று அவரிடமே கேட்டார்கள். அன்றே அதைக் கழற்றிச் சுருட்டி என் கடை வாசலில் எறிந்துவிட்டுப் போனார். நான் வேண்டுமென்றே செய்ததாக ஊர் முழுக்கச் சொன்னார். வேண்டுமென்றேதான் செய்தேன். அதோடு பேச்சு நின்றது.

இந்த லட்சணத்தில் போன தை மாதம் என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தோம். எனக்கு நாற்பத்தாறு, அவளுக்கு மூன்று. தாமதமாக வந்த பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவிக்கு இருப்பது ஒரே அண்ணன். ஆக, மடியும் ஒன்றுதான்.

அப்போது எனக்குப் புள்ளி எழுத்துப் பைத்தியம். பழைய பிரிண்டர்கள் கறகறவென்று ஊசியால் குத்திக் குத்தி அடிக்குமே, அதைப் போல ஒவ்வொரு எழுத்தும் குட்டிக் குட்டிப் புள்ளிகளால் ஆனது. ஆங்கிலத்துக்கு இணையத்தில் சும்மா கிடைக்கிறது. தமிழுக்கு இரண்டு வாரம் உட்கார்ந்து நானே புள்ளி வைத்தேன். 'ணை' மட்டும் செத்த பூச்சியை எறும்புகள் இழுத்துப் போவது போல வந்தது, மற்றபடி அழகு. ஒரு டீக்கடை விலைப்பலகையிலும், மொபைல் கடை போர்டிலும், ஜிம் பனியனிலும் ஏற்கெனவே அதை ஏற்றிவிட்டேன். அடுத்தது மச்சானுக்கான காதுகுத்துப் பத்திரிகை. தாளும் அந்தப் பழைய பிரிண்டர் தாள் மாதிரியே: பச்சைக் கோடு, இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை. எழுத்துக்குத் தோதாக வாசகமும் எழுதினேன்: "மேற்படி தாய்மாமன் தமது மடியுடன் காலை ஒன்பது மணிக்குக் கோயிலில் தவறாமல் ஆஜராக வேண்டியது." எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

"தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு, நேர்ல போயி அழைங்க. மொதப் பத்திரிகை அண்ணனுக்குத்தான்," என்றாள் மனைவி. நேரில் போனால் ஃபிளெக்ஸ் கதை வரும். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அழைத்தாயிற்று என்று வீட்டில் சொன்னேன்.

"அண்ணன் என்ன சொன்னாங்க?"

"தலையை ஆட்டுனாரு."

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு அவள் தன் அண்ணிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அவரு ஊர்லயே இல்ல. தாலுகா ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்துருக்கு. புறம்போக்குல மாட்டுக்கொட்டகை போட்டோம்ல, அதுக்குத்தான். ஆஜராகணும்னு போட்டுருக்குன்னாரு. பாதிகூடப் படிக்கல. கட்டுமாவடியில கூட்டாளி வீட்டுக்குக் கெளம்பிட்டாரு. போனையும் அமத்திட்டாரு."

"என்ன மாதிரி நோட்டீஸ் அண்ணி?"

"பச்சைக் கோடு போட்டு, ஓரமெல்லாம் ஓட்டை. எழுத்துப் பூரா புள்ளி புள்ளியா. கவர்மெண்டு எழுத்து."

அது நான் வைத்த புள்ளி. அப்போதுதான் உறைத்தது: எங்கள் பக்கம் புள்ளி எழுத்தில் எந்த நல்ல சேதியும் வந்ததில்லை. கரண்ட் பில் வரும், எடைமேடைச் சீட்டு வரும். பஸ்ஸின் நெற்றியில் ஓடுகிற புள்ளிகூட நாம் போகாத ஊரைத்தான் காட்டும்.

மனைவி போனை வைத்தாள். "தலைய ஆட்டுனாரா? எந்தத் தலைய? ஃபிளெக்ஸ்ல இருந்த தலையவா?"

"ஒன் பெரியப்பா மகன் ஒருத்தர் இருக்காருல்ல, அவரு மடியில..."

"எங்க அண்ணன் மடி வேணும். இல்லாட்டி ஒங்க காதைத்தான் குத்துவேன்."

மறுநாள் காலை தட்டோடு பஸ் ஏறினேன். புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று மாறி மாறிப் போகும் வழியெல்லாம் வாழைப்பழம் நசுங்கக் கூடாதே என்று ஒரு கவலை. என்னை அவர் நசுக்கக் கூடாதே என்று இன்னொரு கவலை. மன்னிப்பு வசனத்தை நாற்பது தடவை மனப்பாடம் செய்தேன்.

கட்டுமாவடியில் மீன் ஏலம் முடிந்திருந்தது. கரையேற்றிய படகின் நிழலில், தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார் மச்சான். என்னைக் கண்டதும் எழுந்து படகுக்கு அந்தப் பக்கம் போனார். நான் இந்தப் பக்கமாகச் சுற்றினேன். இரண்டு சுற்று வந்தோம். கையில் தட்டு வேறு இருந்ததால், பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

"என்ன மாப்ளே, தாசில்தாருக்கு வழி காட்ட வந்தீங்களோ?"

"தாசில்தாரெல்லாம் இல்ல மச்சான். அது காதுகுத்துப் பத்திரிகை. நான் அடிச்சது."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். உதடு அசைய, முதல் தடவையாகக் கடைசி வரை படித்தார். மகள் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு நிமிர்ந்தார்.

"மடியோட ஆஜராகணுமா? அடப்பாவி, இதுக்குப் பயந்து கெளம்புறதுக்கு முந்தி கொட்டகையப் பிரிச்சுப் போட்டுட்டு வந்துருக்கேன்டா. நாலு மாடும் வெயில்ல நிக்கிது!"

நாற்பது தடவை படித்த வசனத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. பயந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. "மச்சான், எழுத்து நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

கையை ஓங்கினார். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தட்டு அவரிடம் இருந்தது.

"வாரேன். எந் தங்கச்சி மகளுக்காக. ஒனக்காக இல்ல."

வந்தார். மகளை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி இறங்கி அவள் அலறியபோது அவர் கண்ணும் கலங்கியது; என் மேல் பார்வை பட்டதும் உடனே காய்ந்தது. சாப்பிட்டுக் கை கழுவுமிடத்தில் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம, காலையில ஏழு மணி. எங்க தோட்டம். கொட்டகை போடணும். தவறாம ஆஜராகணும்."

ஆஜரானேன். கூரைக்குக் கடையில் சுருண்டு கிடந்த பழைய ஃபிளெக்ஸ்களை அள்ளிக்கொண்டு போனேன். மத்தியானம் வரை ஏணியில் நின்று, வெள்ளைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி கட்டினேன். அவர் வெளியே நின்று திட்டினார். மாடுகளை ஓட்டிவரப் போனவர் திரும்புவதற்குள் இறங்கி, உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கூரையின் உள்பக்கம், தலை நிறைய முடியோடு, கல்லூரிக் காலத்து மச்சான் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை சத்தியமாக வேண்டுமென்றே செய்யவில்லை. அதைச் சொல்லிப் புரிய வைக்க நேரமில்லை. மாட்டு மணிச் சத்தம் பக்கத்தில் கேட்டது. பைக்கை மூன்றாவது உதையில்தான் கிளப்ப முடிந்தது.