எத்துப்பல்லும் இலவச முகாமும்

அந்தப் பல் டாக்டரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

அப்போது எனக்குப் பதினேழு வயது. எத்துப்பல்லை மறைக்க, பேசும்போதெல்லாம் துப்பட்டா வாய்மேல் இருக்கும். கம்பி கட்டினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, அம்மா என்னை மலையிலிருந்து இறக்கி, நாமக்கல்லில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். செலவைக் கேட்டதும் பையிலிருந்து பச்சை மிளகுக் கொத்து ஒன்றை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தாள். எங்கள் ஊரில் அப்படித்தான். காய் கொடியில் இருக்கும்போதே ஒரு கொத்தைக் காட்டினால் வியாபாரி விளைச்சலைக் கணித்து முன்பணம் தந்துவிடுவார்.

“காய் நல்லாப் புடிச்சிருக்குதுங்க. மாசியில பறிச்சதும் முழுசாக் கட்டிடறோங்க. இப்பக் கம்பியப் போட்டு உடுங்க சாமி.”

டாக்டர் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். “இது ரசத்துக்கு ஆகும்மா. கம்பியெல்லாம் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. முன்பல்லைப் புடுங்கிட்டு செட்டு வெச்சுக்கச் சொல்லு, செலவு கம்மி.”

பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பல்செட்டு! அம்மா கொத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பஸ் ஏறும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் ஊரெல்லாம் விசாரித்தேன். சேலத்தில் ஒரு பல் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளே கம்பி கட்டுகிறார்கள், கால்வாசிகூட ஆகாது, தவணையும் உண்டு என்று தெரிந்தது. இரண்டரை வருடம், மாதாமாதம், கம்பியை முறுக்கிய வலியோடு மலைப்பாதையின் அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன். பல் அடங்கியது. கோபம் அடங்கவில்லை.

இப்போது நான் அங்கன்வாடி டீச்சர். போன வருடம் அதே டாக்டர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவச முகாம் போட்டார். பார்ப்பது மட்டும்தான் இலவசம். கம்பிக்கு அவர் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். வரிசையைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்தினார்கள். அடடா, தேடிப்போனாலும் கிடைக்குமா இப்படி ஒரு வேலை!

ஒவ்வொரு தாயிடமும் போனேன். “ஏனுங்கக்கா, இவருகிட்டப் போவாதீங்க. சேலத்துல கம்மியில கட்டறாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். எம் பல்லப் பாருங்க.” பதினோரு மணிக்கு வரிசையில் ஒருவரும் இல்லை.

டாக்டர் வெளியே வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. “என்னம்மா, ஒருத்தரையும் காணோம்?”

“நாந்தானுங்க அனுப்பிவெச்சேன். எங்கம்மாவப் பார்த்துச் சிரிச்சீங்களே, அதுக்குத்தான்.”

என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, “எந்த அம்மா?” என்று கேட்டார்.

எத்தனை அம்மாக்களைப் பார்த்துச் சிரித்திருப்பான், பாவி!