கடைக்கு ஒரு ஃபைல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஞாபகமும் பத்தாது, பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் அங்கே வேலை பார்த்தாள். ஒல்லி உடம்பு, நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவாள். பல கடைகளின் இணைய முகவரிகள் ஒரே ஒரு நீளமான ஃபைலில் இருந்தன. ஒரு கடைக்காக அதைத் திருத்தும்போது கை பிசகினால் எல்லாக் கடை வெப்சைட்டும் படுத்துவிடுமாம். கடைக்கு ஒரு ஃபைலாகப் பிரிக்கிறேன் என்றாள்.

“ஓடுறதைத் தொடாத லா. ஒரு கடை நின்னாலும் நீ ஊருக்குத்தான்,” என்றார் முதலாளி.

“சரி சார். ஆனா பிரிக்கத்தான் போறேன்.”

“ஏம்மா வம்பு?” என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

“தினம் பயந்து பயந்து தொடுறதுக்கு ஒரே தடவை தொட்டுடலாம் ஆன்ட்டி.”

சாயங்காலம், பிரித்த ஃபைல்களை அனுப்புவதற்கு முன் பழையதோடு ஒப்பிட்டுச் சோதித்துப் பார்த்தாள். மாற்றம் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. முதலாளி சிரித்தார். “நாள் பூரா செஞ்சு ஒண்ணுமே மாறலையா?”

“ஒரு முகவரியும் மாறக்கூடாதுன்னுதான் சார் இவ்வளவு வேலையும்,” என்றவள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பட்டனைத் தட்டினாள். எந்தக் கடையும் நிற்கவில்லை.

நான் அதுவரை எந்த முதலாளியையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஃபைல் விஷயத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.