டாங்கிமேல் என் இடம்

சின்ன மாமா கம்பஸில் பௌதிகம் படித்தார். வேகத்துக்கும் உராய்வுக்கும் அவரிடம் சூத்திரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவற்றை எங்கே கழற்றி வைத்தாரோ தெரியாது.

கனடாவிலிருந்து பெரிய மாமா அனுப்பிய காசில் வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. ஞாயிறு மதியம் கம்பஸ் கூட்டாளி ஒருவர் தன் மோட்டார் சைக்கிளில் புளியங்கூடலுக்கு வந்து சேருவார். இருவரும் சாட்டிக் கடலுக்குக் குளிக்கப் புறப்படுவார்கள். வழியில் ஒரு பனங்காணியில் இறங்கி, பனையோலைப் பிளாவில் வயிறு முட்டக் கள்ளுக் குடிப்பார்கள். பிறகு கடற்கரை வீதியில் ஓட்டப் போட்டி. ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அது குடி என்ற கணக்கிலேயே வரவில்லை. சாராயம்தான் குடி. கள்ளு குளிர்மை.

"குடிச்சுப்போட்டு ஓடாதை எண்டு உனக்கு எத்தினை தரமடா சொல்லுறது?" என்று அம்மா தொடங்கினால், மாமாவை முந்திக்கொண்டு அப்பா பதில் சொல்வார்.

"கள்ளைப்போய்க் குடியெண்டுறீர். வெய்யிலுக்கு நல்லதப்பா."

அம்மாவுக்கு அலுத்துவிட்டது. ஒரு ஞாயிறு, எட்டு வயதான என்னைத் தூக்கிப் பெற்றோல் டாங்கிமேல் இருத்தினார். "இவளையும் கொண்டு போ" என்றார். காரைநகர்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டாலே எங்களைப் பங்கருக்குள் இறக்கிவிடுகிற அதே அம்மாதான்.

எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. வகுப்பில் வேறு யாருக்கு இந்தக் கொடுப்பினை? பனங்காணியில் எனக்கும் ஒரு சின்னப் பிளாவில் புளிக்காத, இனிப்பான கருப்பநீர் தந்தார்கள். பெரிய மனுசி மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். அவர்கள் எத்தனை குடித்தார்கள் என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

திரும்பவும் வீதிக்கு ஏறியபோது மாமா நிதானமாகத்தான் ஓடினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. போட்டி என்றார்களே, இதுவா? கூட்டாளி எங்களை உரசிக்கொண்டு போனார்.

"என்ன மச்சான், பால்காரன் மாதிரி வாறாய்?"

"மாமா, முந்துங்கோ" என்று நான் கத்தினேன்.

மாமா சிரித்தார். புளித்த மணம் என் தலைக்கு மேலால் வந்தது. "பிடிச்சுக்கொள்" என்றார். சைக்கிள் சீறியது. காற்றில் கண்ணைத் திறக்க ஏலவில்லை. கடலுக்குத் திரும்புகிற முடக்கில் வீதியை மூடி மணல் கிடந்தது. உராய்வு வரை படித்தவருக்கு அந்த மணல் தெரியவில்லை. பிறகு நான் முள்ளுப் புல்லுக்குள் கிடந்தேன், கை எனக்குக் கீழே மடிந்திருந்தது. மாமா நாடியில் இரத்தத்துடன் என் பெயரைத் தவிர வேறு எல்லாப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டாளி வென்ற சந்தோசத்தில் திரும்பிப் பார்க்காமலே போய்க்கொண்டிருந்தார்.

பரியாரியார் கையை நேராக்கி மட்டை வைத்துக் கட்டினார். வீட்டில் விசாரணை நடந்தது. வீதியில் மணல் கிடந்தது பிழை. முன் ரயர் தேய்ந்தது பிழை. "சாராயமெண்டால் நானே சாவியைப் பறிச்சிருப்பன்" என்றார் அப்பா. மாமா தலை குனிந்து, நாடியில் ஒட்டிய பஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். கள்ளைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அம்மா மட்டும் என்னைப் பார்த்தார். "நீ முன்னால இருந்தும் இந்த ஓட்டம் ஓடினவனோ?"

இதை ஏன் என்னிடம் கேட்கிறார்? ஓடியது நானா?

கைக்கட்டு அவிழ்க்க முன்னரே சைக்கிள் திருத்தியாகிவிட்டது. ஞாயிறு வந்தது. கூட்டாளியும் வந்தார். நான் படலையடிக்கு ஓடினேன். அதற்குள் அம்மா தம்பியைத் தூக்கி டாங்கிமேல் இருத்திக்கொண்டிருந்தார்.

"இவன் பயந்தவன். ஓடினால் அழுவான்" என்று மாமாவிடம் சொன்னார். "அவளைப்போல இல்லை."

சைக்கிள் புறப்பட்டுப் போனது. நான் புழுதிக்குள் குந்தியிருந்து, கட்டுப் போட்ட கையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதேன். கை நோவுக்கு அல்ல. என் இடத்தை அந்தப் பயந்தாங்கொள்ளிக்குக் கொடுத்துவிட்டார்களே என்றுதான்.