தலையணைக்கு அடியில் ஆயிரம் யென்

ராயப்பன்பட்டி மிக்கேலுக்கு அறுபத்தோரு வயது. குமுளியில் ஒரு லாட்ஜில் முப்பத்திரண்டு வருடமாக ரூம் பாய். சம்பளம் பேருக்குத்தான். விருந்தாளிகளின் பெட்டியை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவருகே ஒரு கணம் நிற்பார். அப்படி நின்று கிடைத்த காசில்தான் மகள் அனிதா மேரி நர்சிங் முடித்தாள்.

அவள் இப்போது ஒசாகாவில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறாள். போன ஏப்ரலில் அப்பாவை இரண்டு வாரத்துக்கு வரவழைத்தாள். முதல் நாளே டாக்சிக்காரர் பெட்டியை இறக்கி வைத்துக் குனிந்து வணங்க, மிக்கேல் சட்டைப்பையைத் துழாவினார்.

"வேணாம்ப்பா. இங்கன யாரும் வாங்க மாட்டாக. கொடுத்தா சங்கடப்படுவாக."

"கூச்சப்படுவாகத்தா. நானும் மொதல்ல வேணாம்னுதான் சொல்லுவேன்."

அதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காப்பி கொண்டுவந்த பெண்ணைப் பார்த்தாலும், குடை எடுத்துக் கொடுத்த கடைக்காரரைப் பார்த்தாலும் உள்ளுக்குள் அரித்தது.

கியோட்டோவில் இரண்டு இரவு ஒரு சின்ன ஓட்டலில் தங்கினார்கள். அறையைச் சுத்தம் செய்தவள் அவர் வயதுக்காரி. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். காலையில் கிளம்பும்போது மகளுக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியில் ஆயிரம் யென் வைத்தார். சாயங்காலம் திரும்பினால் மேசைமேல் ஓர் உறை. உள்ளே அதே நோட்டு, கூடவே ஒரு துண்டுச்சீட்டு.

"மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்கன்னு எழுதியிருக்காகப்பா."

மறுநாள் விடிந்ததும் வராந்தாவில் அந்த அம்மாளைப் பார்த்து, நோட்டைக் கையிலேயே கொடுத்தார். அவள் பதறிப் பின்வாங்கினாள். முகம் சிவக்க, மன்னிப்புக் கேட்பதுபோல் குனிந்துகொண்டே இருந்தாள். மிக்கேலுக்கு உடம்பு கூசியது. ஒருமுறை குமுளியில் ஒருவன் நூறு ரூபாயை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனான். அன்று அவருக்கு முகம் எரிந்ததே, இவளுக்கும் இப்போது அப்படித்தான் எரிகிறதோ?

அறைக்குள் வந்தவர் சும்மா நிற்க முடியாமல் படுக்கை விரிப்பை உருவினார். தலையணை உறைகளைக் கழற்றி, ஒரே கையால் தூக்கும்படி எல்லாவற்றையும் சுருட்டினார். ஈரத் துண்டுகளைத் தனியே போட்டார். குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடியைக்கூட எடுத்தார்.

"இங்கன வேலைக்கா வந்தீக?" என்று அனிதா கடிந்துகொண்டாள்.

தள்ளுவண்டியோடு வந்த அந்த அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்தாள், மிக்கேலைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"நீங்களும் இதே வேலையான்னு கேக்குறாக."

மிக்கேல் தலையாட்டினார். "எத்தன வருசம்னு கேளு."

"இருபத்தாறாம்."

"எனக்கு முப்பத்திரண்டுன்னு சொல்லு."

அவள் சத்தமில்லாமல் சிரித்து, தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

திரும்பும் ரயிலில் இடமிருந்தும் அவர் உட்காரவில்லை. கதவுக்கும் இருக்கைக்குமாக நடந்தார்.

"இன்னும் என்னப்பா?"

"அந்த அம்மாவை இடுப்புக்கு வெந்நி ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருக்கலாம்த்தா," என்றார் மிக்கேல்.