குவைத் செட்டு

நோர்வூட்டுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற முனையில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாராவது டிவியோ போனோ புதிதாக வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், செல்லசாமி கூப்பிட்டு நிறுத்திப் புத்தி சொல்வார். ஒரே புத்திதான். என்ன வேண்டுமானாலும் வாங்குங்கள், பழையதை மட்டும் கடைக்காரன் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள், கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேலையை விட்டபோது கிடைத்த சேமலாபக் காசைப் பாட்டுப் பெட்டி வாங்கியே கரைத்த மனுஷன் புத்தி சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் எதற்காக வாங்கினீர்கள் என்று அந்தச் சிரிக்கிற வாய்களில் ஒன்றாவது கேட்டிருக்கிறதா? இல்லை. செத்துப்போன பெண்டாட்டியின் குரலைக் கேட்பதற்காகத்தான் வாங்கினார்.

அவள் பெயர் வீரம்மா. மகள் பிரியந்தி சின்னவளாக இருந்தபோது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அந்தக் காலத்தில் அப்படிப் போன பெண்கள் கழுத்து நிறையத் தங்கத்தோடு திரும்பினார்கள். வீரம்மா ஒரு கேசட் செட்டை இரண்டு துவாயில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மாரோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாள். லயமே ஏசியது. மாமியார் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீரம்மா அசையவே இல்லை. “தங்கத்தப் பூட்டித்தானே வைக்கணும், இதத் தொறந்து வைக்கலாம்” என்றாள். அன்றிலிருந்து அதற்குக் குவைத் செட்டு என்றே பெயர்.

மாலையில் கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, அடுப்பை மூட்டியதும் அவள் செய்கிற அடுத்த காரியம் கேசட்டைப் போடுவதுதான். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே பாட்டோடு கூடவே முனகுவாள். வார்த்தை வராது, ராகம் மட்டும்தான். அதிலும் பாடுகிறவருக்கு ஓரடி பின்னால்தான் வருவாள், கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு முன்னால் போகிறவளின் பின்னாலேயே மலை இறங்குகிற மாதிரி. செல்லசாமி தேயிலைப் பெக்டரியில் அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நின்று காது பாதி மந்தமானவர். பாட்டின் வார்த்தைகள் அவருக்குச் சரியாகப் பிடிபடாது. அந்த முனகல் மட்டும் பிடிபடும். உண்மையைச் சொன்னால், அத்தனை வருஷமும் அவர் கேட்டது பாட்டை அல்ல, அதைத்தான்.

அஞ்சாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்த அன்று அவள் முதல் வரிசையில் நின்றிருந்தாள். கூட நின்றவர்கள் ஓடிவிட்டார்கள், இவள் கூடை தடுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே லொறியில் எல்லாம் முடிந்துவிட்டது. பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி போட்டார்கள். குளவி கொட்டிச் செத்தவர்களுக்கு அதற்கு மேல் போட மாட்டார்கள்.

அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் பாட்டுப் பெட்டியோ டிவியோ எது இருந்தாலும் அதன்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். வருசத் திதி கொடுக்கிற வரைக்கும் அந்தத் துணி கிடக்கும். அது கிடக்கிற வரைக்கும் பக்கத்துக் காம்பராக்களிலும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. காம்பரா என்று பெயர்தான் தனித்தனி. நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் எட்டாது. ஒரு காம்பராவில் தும்மினால் மூன்றாவது காம்பராவிலிருந்து ‘நூறு’ என்று குரல் வரும். அடுத்த காம்பரா ராக்காயியுடையது. வீரம்மாவோடு ஒரே வரிசையில் கொழுந்து எடுத்தவள், புருஷன் இல்லாதவள். அந்த ஒரு வருஷமும் அவள் ரேடியோவைத் தொடவே இல்லை.

திதி கொடுத்து முடித்த அன்று மாலை செல்லசாமி துணியை எடுத்தார். வீரம்மா கடைசியாகக் கேட்ட கேசட் உள்ளேயே இருந்தது. போட்டுவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தார். முதல் பாட்டு போனது. இரண்டாவது பாட்டில், ஓரடி பின்னால், அது வந்தது.

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. எழுந்துபோய் நிறுத்தினார், அதுவும் நின்றது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது. மெதுவாக, மாவு பிசைகிற வேகத்தில். பயம் வர வேண்டும், வரவில்லை. அவருக்கு அழுகைதான் வந்தது. அன்று முதல் மாலையானால் அதுவே அவருக்குச் சாப்பாடு.

அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா மனுஷன்? காலமெல்லாம் மெஷினோடு கிடந்தவர் ஆயிற்றே, மூளையும் மெஷினைச் சுற்றித்தானே ஓடும். அந்தச் செட்டில் பதிவு செய்கிற பொத்தானும் உண்டு. வீரம்மா என்றைக்கோ தெரியாமல் அதை அமுக்கியிருக்கிறாள், அவள் முனகியது கேசட்டில் ஏறிவிட்டது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினார். நல்ல மெஷினில் போட்டால் நல்ல தூள் இறங்குகிற மாதிரி, நல்ல செட்டில் போட்டால் அவள் தெளிவாகக் கேட்பாள். ஒருவேளை வார்த்தைகூடக் கேட்கலாம். யாரிடமும் வாயைத் திறக்காமல் ஹட்டன் பஸ்ஸில் ஏறினார்.

ஹட்டன் பஜாரில் ஜீவராஜுக்கு அப்பா காலத்திலிருந்தே ரேடியோக் கடை. ஜீவராஜ் கெட்டவன் இல்லை, வியாபாரி. வந்தவர் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்றார், இவன் கடையிலேயே பெரியதைக் காட்டினான். அஞ்சு ஸ்பீக்கரும் கட்டிலடியில் வைக்கிற ஒரு பெரிய பெட்டியுமாக ஹோம் தியேட்டர். கேசட் போட முடியாதே என்றதற்கு, பென் டிரைவில் ஏற்றித் தருகிறேன், எரைச்சல் எல்லாம் எடுத்துவிட்டுச் சுத்தமாக ஏற்றித் தருகிறேன் என்றான். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் அஞ்சு ஸ்பீக்கரை எங்கே வைப்பது? ஒன்று சாமி படத்துக்கு மேலே ஏறியது. ஒன்று அரிசிப் பானைமேல் உட்கார்ந்தது. போட்டதும் அலுமாரியிலிருந்து சீனி டின் குதித்து விழுந்தது, லயத்துப் பிள்ளைகள் வாசலில் ஆட வந்துவிட்டார்கள். பாடகர் அறைக்குள்ளேயே நின்று பாடினார். வீரம்மா மட்டும் இல்லை.

பென் டிரைவில்தான் பிழை, கேசட்டை அப்படியே போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து வரவழைத்த பழைய கேசட் டெக் ஒன்று, அம்மிக்கல் கனத்தில் ஓர் அம்பிளிபயர், கன்றுக்குட்டி உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். இதற்காகத்தான் வீரம்மாவின் தோடு போனது. பிரியந்தி கொழும்பிலிருந்து போன் எடுத்து, அம்மாவின் தோட்டை விற்று அப்பாவுக்குப் பாட்டுக் கேட்கிறதோ என்று அழுதாள். அவள் அம்மாவைக் கேட்கத்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தோடும் போதாமல் போனபோது, பழைய செட்டைக் கொடுங்கள், கழித்துக்கொள்கிறேன் என்றான் ஜீவராஜ். குரல் இருப்பது கேசட்டில், செட்டில் என்ன இருக்கிறது? துவாயில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த அம்பிளிபயரை முதல் தடவை போட்டதும் லயம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஏச்சு வாங்கிக்கொண்டு, வேறு வயர் இழுத்து, மறுபடி போட்டார். பாடகர் மூச்சு வாங்குவது கேட்டது. வயலினில் வில் உராய்வது கேட்டது. மந்தக் காதுக்கே எல்லாம் கேட்டது. பாட்டுக்கு அடியில் மட்டும் ஒன்றுமில்லை, கழுவித் துடைத்த தரை மாதிரி கிடந்தது. காதுதான் பழுதோ என்று கடைசியில் காதை மூடுகிற ஹெட்போனும் வாங்கினார். அதிலும் இல்லை. மாலை தோறும் கட்டிலில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருக்கிற மனுஷனைப் பார்த்து, கிழவனுக்குச் செட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று லயம் முடிவு செய்தது.

அப்படிக் குந்தியிருந்த ஒரு மாலையில்தான் ராக்காயி ஒரு கிண்ணத்தில் கறி கொண்டு வந்தாள். வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள், பிறகு உள்ளே வந்து தோளைத் தட்டினாள். அவர் ஹெட்போனைக் கழற்றினார். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அண்ணே, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அக்கா முனகி வச்ச டேப்ப ஏன் இப்பெல்லாம் போடுறது இல்ல?”

செல்லசாமி டெக்கிலிருந்த கேசட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். முன்பு வீரம்மா இந்தப் பக்கம் மாவு பிசைவாளாம், இவள் அந்தப் பக்கம் வெங்காயம் உரிப்பாளாம், இரண்டு பேரும் சுவருக்கு மேலே சேர்ந்து முனகுவார்களாம். திதி முடிந்து அவர் டேப்பைப் போட ஆரம்பித்ததும் இவளும் பழையபடி கூடச் சேர்ந்துகொண்டாளாம். இந்தப் பெரிய செட்டுகள் வந்ததிலிருந்து அக்காவைக் காணோமே என்றாள்.

அப்படியானால் அவர் காதின் மயக்கம் இல்லை. அதே கேசட் இதோ இவர் மடியில் கிடக்கிறது, அவள் இதில் இல்லை. அப்படியென்றால் அவள் எதில் இருந்தாள்? துவாயில் சுற்றித் தன் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய்க் கடைக்காரனிடம் கொடுத்தது எதை? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் ஹட்டனுக்கு ஓடினார். ஜீவராஜ் யோசித்து யோசித்து, மலையடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரை சீசனுக்குக் கடை போடுகிற அழகம்மை வாங்கிப்போனதாகச் சொன்னான். சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக, சட்டைப் பையில் கேசட்டோடு, பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். கம்பளித் தொப்பியும் கையுறையும் தொங்குகிற கடை. உள்ளே பலகைமேல் குவைத் செட்டு நியூஸ் வாசித்துக்கொண்டிருந்தது. மூலையில் வீரம்மா இஸ்திரிப்பெட்டி வைத்துச் சுட்ட தழும்பு அப்படியே இருந்தது.

இந்தக் கேசட்டைக் கொஞ்சம் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். அழகம்மை நல்ல மாதிரி. ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிளேன்டியும் ஊற்றிக் கொடுத்து, கேசட்டைப் போட்டாள். முதல் பாட்டு போனது. இரண்டாவது பாட்டு வந்தது. செல்லசாமி செட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்தார். பாட்டு முடிந்தது. அடுத்ததும் முடிந்தது.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அழகம்மை, செட்டில் ஏதும் குறை இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

“வாங்குன புதுசுல ஒரு கோளாறு இருந்துச்சுங்க ஐயா. எதப் போட்டாலும் அடியில ஒரு பொம்பள முனகிக்கிட்டே வரும். அப்புறம் அப்புறம் பாட்டே இல்லாட்டியும், பிளக்க மாட்டுனதும் ஆரம்பிச்சிரும். யாரையோ தேடுற மாதிரி இருக்கும். கடைக்கு வாறவங்க பயந்துட்டாங்க. போன வாரந்தான் ரேடியோ திருத்துற பாஸ்கிட்டக் காட்டி, உள்ளுக்கு என்னமோ கழட்டி மாத்துனோம். இப்பப் பாருங்க, சுத்தமா இருக்கு.”

போன வாரம்.

கழற்றியது எங்கே என்று கேட்டார். அதை அந்த மெக்கானிக் பாஸ் அன்றைக்கே குப்பையோடு போட்டுவிட்டதாக அவள் சொன்னாள். ஆசையாக இருந்தால் செட்டையே எடுத்துக்கொண்டு போங்கள் ஐயா, காசு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

“வேணாம் தாயி, ஒங்ககிட்டயே இருக்கட்டும். சுத்தமாத்தான் இருக்கு” என்றார் செல்லசாமி. கேசட்டை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மலைக்கு ஏறினீர்களா என்று கேட்டதற்கு, ஏறினேன் என்று பொய் சொன்னார்.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாக் காம்பராவிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் நாடகம், ஒரு பக்கம் கிரிக்கெட், தொங்கலில் இருக்கிற கடைசிக் காம்பராவில் யாரோ போனில் சத்தமாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லசாமி கேசட்டை அம்பிளிபயர்மேல் வைத்தார். பெட்டிக்கடியிலிருந்து அந்தப் பழைய வெள்ளைத் துணியை எடுத்து உதறி, எல்லாவற்றையும் சேர்த்து மூடினார். துணி பற்றவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்து மிச்சத்தையும் மூடினார்.

கறிக் கிண்ணத்தை எடுத்துப் போக வந்த ராக்காயி வாசலிலேயே நின்று அந்தத் துணியைப் பார்த்தாள். கிண்ணத்தை எடுக்கவில்லை. திரும்பிப்போனாள். அவளுடைய ரேடியோ நின்றது. கொஞ்ச நேரத்தில் அடுத்த காம்பராவில் நாடகம் நின்றது. அதற்கடுத்ததில் கிரிக்கெட் நின்றது. யார் செத்தார்கள் என்று யாரும் கேட்க வரவில்லை. தொங்கல் வரைக்கும் ஒவ்வொன்றாக அடங்கி, லயத்தில் தகரத்தில் பனித்தண்ணி சொட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. செல்லசாமி கட்டிலில் குந்திக்கொண்டு மந்தக் காதை ராக்காயி பக்கத்துச் சுவரை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துச் சுவருக்கு மேலே ராக்காயியின் குரல் மெதுவாக வந்தது.

“எத்தன நாளைக்கு அண்ணே?”

“போன தடவ வருசக் கணக்கு தெரிஞ்சிச்சு ராக்காயி” என்றார் அவர். “இந்தத் தடவ எனக்குத் தெரியல.”