பேர்பெச்சுவா தொடங்கிய ஸ்பானிஷ் சபை

ஸ்டுட்கார்ட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவையறையில் பேர்பெச்சுவாவுக்குப் பதினொரு வருஷ வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். கணவன் சூசைதாசன் பஸ் ஓட்டினான். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, மாசி மாதத்து ஒரு காலையில், அவளோடு துணி மடிக்கும் நார்சிசா படுக்கை விரிப்புக் குவியலில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். எக்குவடோரில் அவளுடைய தாய் இறந்துபோயிருந்தாள். நார்சிசாவிடம் விசா இல்லை. போனால் திரும்பி வர முடியாது.

ஆறுதல் சொல்லப் பேர்பெச்சுவாவின் ஜெர்மன் போதவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே ஜெபித்தாள். நார்சிசாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் கையை எடுக்கவில்லை. மறுநாள் ஸ்பானிஷ் பேசும் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்து, "இவையளுக்காகவும் ஜெபியுங்கோ அக்கா" என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டாள். அந்த ஞாயிறே மூவரும் பேர்பெச்சுவா வீட்டில் கூடினார்கள்.

கூட்டம் தொடங்கியாயிற்று, பாஷை வேண்டுமே. அவள் ஸ்பானிஷ் வேதாகமம் ஒன்று வாங்கி, தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் விரித்து, வேலைக்குப் போகும் ரயிலில் வரிவரியாகப் படித்தாள். எழுதியபடியே வாசிக்கிற மொழி. ஜெர்மன்காரர் தடக்குப்படும் 'ஞ' ஓசை அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. லீவு நாட்களில் அந்தப் பெண்களுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் எடுத்துக் கொடுத்தாள், பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களுக்கு அவர்களோடு போனாள்.

"எங்கட சனத்துக்குச் செய்யவே எவ்வளவு கிடக்கு" என்றான் சூசைதாசன். "உமக்கேன் இந்த ஸ்பானிஷ்காரர்?"

"எங்கட சனத்துக்குக் கோயில் இருக்கு, சங்கம் இருக்கு. இவையளுக்கு ஆர் இருக்கினம்? நாங்கள் முகாமில வந்து இறங்கேக்க ஒரு ஆள், ஒரேயொரு ஆள், எங்கட பாஷையில கதைச்சிருந்தா எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

அவன் யோசித்தான் போலும். அடுத்த ஞாயிறு சோபாவைத் தனியாளாகப் படுக்கையறைக்குள் தள்ளி இடம் ஒதுக்கினான்.

இரண்டு வருஷத்தில் அந்த இடமும் போதாமல் போயிற்று. முப்பத்தொரு பேர். பாட்டுச் சத்தம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் முறையிட, வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து கடிதம் வந்தது: ஒரு மாதத்துக்குள் கூட்டத்தை நிறுத்த வேண்டும்.

இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெர்மன் தேவாலயம். அதன் மண்டபம் ஞாயிறு பின்னேரங்களில் பூட்டியே கிடக்கும். பேர்பெச்சுவா போய் அதன் நிர்வாகக் குழுவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"நீங்கள் ஸ்பானிஷ்காரியும் இல்லை, போதகரும் இல்லை. எந்த முறையில் கேட்கிறீர்கள்?" என்றார் குழுத் தலைவர்.

"முறை ஒண்டும் எனக்குத் தெரியாது ஐயா. முப்பத்தொரு பேருக்கு இடம் வேணும். தாறதுக்கு முதல் ஒருக்கா வந்து பாருங்கோ."

தலைவர் வரவில்லை. குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஹில்ட்ரூட் வந்தார். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. மாடிப்படியில் எல்லாரும் கழற்றிவிட்ட சப்பாத்துகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் நின்றார். புதன்கிழமை மண்டபச் சாவியைக் கொண்டுவந்து பேர்பெச்சுவாவின் கையில் வைத்தார்.

"குழுவோடு சண்டை பிடித்தேன்" என்றார். "ஜெயித்தேன்."

மண்டபத்தில் முதல் ஞாயிறு. பிரசங்கம் யார் செய்வது?

"நீ கதை" என்றாள் பேர்பெச்சுவா நார்சிசாவிடம். "என்ர ஸ்பானிஷ் சலவையறை ஸ்பானிஷ். இது உங்கட சபை."

"எனக்கு ஏலாது அக்கா. நான் ஆறாம் வகுப்பு."

"அம்மாவைப் பற்றிச் சொல்லு. அது காணும்."

நார்சிசா எழுந்தாள். மீன் சந்தையில் கூவி விற்றபடியே ஜெபம் சொன்ன தன் தாயைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷம் பேசினாள். அந்தக் கூவலை அவள் கூவிக் காட்டியபோது அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவளைப் பேசச் சொல்லி யாரும் தள்ளிவிட வேண்டியிருக்கவில்லை. ஹில்ட்ரூட் சட்ட ஆலோசகர் ஒருவரைப் பிடித்துக் கொடுக்க, பேர்பெச்சுவா நார்சிசாவின் விசாவுக்காக அவளோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். அடுத்த வருஷம் வதிவிட அனுமதி வந்தது. அது வந்த வாரமே நார்சிசா மாலை வகுப்பில் இறையியல் படிக்கச் சேர்ந்தாள்.

இரண்டாயிரத்து எட்டு, பெந்தெகொஸ்தே ஞாயிறு. நூற்றுநாற்பது பேருக்கு முன்னால் நார்சிசா அந்தச் சபையின் போதகராக அபிஷேகம் பெற்றாள். குழுத் தலைவரே வாசலில் நின்று வந்தவர்களை உள்ளே அழைத்தார். பேர்பெச்சுவா வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி இருந்தாள். பக்கத்தில் சூசைதாசன் தப்புத் தப்பான ஸ்பானிஷில் எல்லாரையும் விட உரத்துப் பாடினான்.

ஆராதனை முடிந்ததும் எர்லாங்கன் நகரிலிருந்து வந்திருந்த பெரு நாட்டுப் பெண் ஒருத்தி பேர்பெச்சுவாவைத் தேடி வந்தாள்.

"எங்கட பக்கம் இப்பிடிக் கூட்டம் நடத்த ஒருத்தரும் இல்லை அக்கா. நாங்கள் ஐஞ்சு பேர்தான்."

"ஐஞ்சு பேரோ?" என்று பேர்பெச்சுவா கைப்பையைத் திறந்து டயரியை எடுத்தாள். "நாங்கள் மூண்டு பேரோட தொடங்கினனாங்கள். வாற மாதம் முதல் சனிக்கிழமை வாறன். விலாசத்தைச் சொல்லும்."